கைக்குள் ஒரு ரீங்காரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு டயாலிசிஸ் நாள். நாலு மணி நேரம் படுத்துத்தானே கிடக்கிறேன், ரெண்டு தடவை படித்தேன். டயாலிசிஸ் ஊசி குத்த வசதியாகக் கையில் ஆபரேஷன் செய்து ஃபிஸ்டுலா வைத்துக்கொள்ளச் சொன்னால் உன் அண்ணன் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறாராமே! அதே தப்பைத்தான் நானும் செய்தேன்.

ஒருநாள் ராத்திரி மூச்சுத் திணறிப் போய் விழுந்தேன். கையில் ஃபிஸ்டுலா இல்லையே, கழுத்தில் குழாய் சொருகித்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது வாரமே அந்தக் குழாய் வழியாகக் கிருமி ஏறிவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர் தூக்கிப் போட, பல்லெல்லாம் கிடுகிடுவென அடித்தது.

ஃபிஸ்டுலா என்றால் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது, அவ்வளவுதான். ஆனால் தைத்த மறுநாளே ஊசி குத்த முடியாது. சிரை தடித்து உரமேற வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். அதனால்தான் அவசரப்படுத்துகிறார்கள். 1966இல் வந்த வித்தை இது. என்னைக் கேட்டால் இன்றைக்கும் இதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. காலையில் கண் விழித்ததும் இடது கையில் விரல் வைத்துப் பார்ப்பேன். உள்ளே தேனீ அடைபட்ட மாதிரி ஒரு ரீங்காரம். அது நின்றுபோனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடமாட்டேன். வீட்டில் அதற்குப் பெயரே 'செல்லப்பிள்ளை'.

மெஷின்கள்தான் எங்கேயோ போய்விட்டன. ஹீமோடயாஃபில்ட்ரேஷன் என்று ஒரு முறை. சவ்வு வழியாக நிறைய நீரை வலிந்து இழுத்து, அதோடு பெரிய கழிவுகளையும் வெளியேற்றுகிறது. 2023இல் 1,360 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வழக்கமான டயாலிசிஸில் இருந்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்திருக்க, இதில் 17 பேர்தான். எங்கள் யூனிட்டுக்கு இன்னும் வரவில்லை.

எந்த மெஷின் வந்தாலும் உடம்பில் தேங்குகிற தண்ணீர்ப் பிரச்சினை தீரவில்லையடா. சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரம் செய்கிற வேலையை நாங்கள் 12 மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறோம். போன மாதம் ஒரு கல்யாணம், நாக்கைக் கட்டவில்லை. உடம்பில் நாலு கிலோ தண்ணீர் ஏறிப் போனேன். அத்தனையையும் மெஷின் இழுக்க, மூன்றாவது மணியில் கெண்டைக்கால் இழுத்த இழுப்பில் கத்திவிட்டேன்.

முதலில் அண்ணனிடம் இதைச் சொல்: ஃபிஸ்டுலா வைக்கப்போகிற கையில் இப்போதிருந்தே ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வந்தால் மற்ற கையின் புறங்கையைக் காட்டட்டும். என்னோடு பேசச் சொல். செவ்வாய், வியாழன், சனி காலை டயாலிசிஸ் நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன், வலது கை சும்மாதான் இருக்கும்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்