விற்ற விலையை அறிய முகவராக இருக்கத்தான் வேண்டுமா?
ரொறன்ரோ பிராந்திய வீடு விற்பனைச் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் வீட்டு விற்பனை முகவர் அல்ல. முகவராகும் எண்ணமும் எனக்கில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாழ்கிறேன். முதன்முதலாக வீடு வாங்கப் புறப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வாரத்தில் இரண்டு மாலைகள், ஒப்பந்தங்களையும் அடமானக் கடன் கடிதங்களையும் வாசித்து விளங்கப்படுத்துவதைத் தொண்டாகச் செய்து வருகிறேன். அந்த மேசையிலிருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு வீடு எப்போது விற்பனைக்கு வந்தது, என்ன விலை கேட்கப்பட்டது, அந்த விலை எத்தனை தடவை மாற்றப்பட்டது, முடிவில் என்ன விலைக்குப் போனது என்பவற்றை, முகவர் அல்லாதவர்களும் மொத்தத் தரவாகப் பெற்று ஆராய, முகவர்களை அங்கத்தவர்களாகக் கொண்டு வீட்டுப் பட்டியல் முறையை நடத்தும் நீங்கள் வழி திறக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற வசந்தகாலத்தில் ஓர் இளம் தம்பதியர் ஒரு தாளுடன் வந்தார்கள். ஸ்காபரோவின் மால்வேர்ண் பகுதியில் ஒரு டவுன்ஹவுஸ், அதாவது வரிசை வீடு. கேட்கும் விலை 699,000 டொலர். செவ்வாய் இரவு ஏழு மணிக்குள் விலை எழுதிக் கொடுக்க வேண்டும். அருகில் விற்ற ஐந்து வீடுகளின் விலைகளை அந்தத் தாளில் காட்டி, 790,000 வரை போனால்தான் கிடைக்கும் என்று அவர்களுடைய முகவர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் தன் கைபேசியில் ஓர் இணையத்தளத்துக்குள் நுழைந்தார். அதே வரிசையில் அதே அளவுள்ள இன்னும் இரண்டு வீடுகள் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குப் போயிருந்தன. அவர்கள் வாங்க நினைத்த வீடே குளிர்காலத்தில் இரண்டு தடவை கூடிய விலைக்குச் சந்தைக்கு வந்து, விற்காமல் மீளப் பெறப்பட்டு, இப்போது விலையைக் குறைத்துப் புதிய வீடு போலப் பட்டியலிடப்பட்டிருந்தது. சந்தையில் இருந்த நாட்களின் கணக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தது. முகவரின் தாளில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. ஆனால் எந்த ஐந்து வீடுகளைக் காட்டுவது என்பதைத் தீர்மானித்தவர் அவர் ஒருவரே. அந்தத் தம்பதியர் முடிவில் எவ்வளவு எழுதினார்கள் என்பது அவர்களுடைய சொந்த விடயம். முழுவதையும் பார்த்துவிட்டு எழுதினார்கள் என்பதே எனக்கு ஆறுதல்.

அந்தத் தளத்துக்குள் நான் ஏன் என் பெயரில் நுழையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விற்ற விலைகளைக் காட்டும் தளங்களில் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிந்தபின் ஒரு நிபந்தனைப் பட்டியல் வரும். வீடு வாங்க, விற்க அல்லது வாடகைக்கு எடுக்க எனக்கு உண்மையான நாட்டம் இருக்கிறது என்றும், அந்தத் தளத்தை நடத்தும் தரகு நிறுவனத்துடன் நுகர்வோர் என்ற உறவுக்குள் வருகிறேன் என்றும் அங்கே நான் ஒப்புக்கொள்ள வேண்டும். தரவை மொத்தமாக எடுக்கவோ வேறு எதற்கும் பயன்படுத்தவோ கூடாது என்பது அடுத்த வரி. எனக்கு வீடு வாங்கும் நாட்டம் இல்லை. என் அயலவர்கள் ஏமாறாமல் வாங்க வேண்டும் என்ற நாட்டம்தான் இருக்கிறது. பொய் சொல்லாமல் அந்தப் பெட்டியில் என்னால் அடையாளமிட முடியவில்லை. ஒரு பல்கலைக்கழக மாணவரும், வாடகையாளர் சங்கத்தவரும், சமூகப் பத்திரிகையாளரும் இதே இடத்தில்தான் தடுக்கப்படுகிறார்கள். தரவைத் தொடர்ந்து மொத்தமாகப் பெறும் முறையான தரவு ஊட்டம் வேண்டுமென்று நான் ஒரு நிறுவனத்திடம் விசாரித்தபோது, சபையின் அங்கத்தவரான தரகு நிறுவனம் ஒன்று முன்னின்றால் மட்டுமே முடியும் என்ற பதில் வந்தது.

விற்ற விலைகளை இணையத்தில் காட்டுவது பற்றிய வழக்கு எவ்வளவு தூரம் நடந்தது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரொறன்ரோ வீடு விற்பனைச் சபை என்ற பழைய பெயர் உங்களுக்கு இருந்த 2011 மே மாதத்தில், கனடாவின் போட்டி ஆணையர் உங்கள் மீது வழக்குத் தொடுத்தார். விற்ற விலையையும் மீளப் பெறப்பட்ட பட்டியல்களையும் முகவர் தன் வாடிக்கையாளருக்கு நேரிலோ தொலைநகலிலோ மின்னஞ்சலிலோ கொடுக்கலாம், ஆனால் கடவுச்சொல்லுள்ள இணையத்தளத்தில் காட்டக்கூடாது என்பதே அப்போதைய விதி. போட்டித் தீர்ப்பாயம் 2013இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2014இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மீண்டும் விசாரிக்கும்படி தீர்ப்பாயத்துக்குத் திருப்பி அனுப்பியது. 2016 ஏப்ரலில் தீர்ப்பாயம் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனியுரிமைதான் கட்டுப்பாட்டுக்கு முதன்மையான காரணம் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. தரவுத்தளத்தில் பதிப்புரிமை உண்டு என்ற வாதமும் நிலைநிற்கவில்லை. 2017 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2018 ஓகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் உங்கள் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்ததோடு ஏழு ஆண்டுப் போராட்டம் முடிந்தது. அந்தத் தீர்ப்பினால்தான் மால்வேர்ண் தம்பதியரால் கைபேசியில் பார்க்க முடிந்தது. அதற்காக வாதாடியவர்களுக்கு நான் நன்றியுள்ளவன். ஆயினும் அது அங்கத்தவர்களின் இணையத்தளங்களைப் பற்றிய வழக்கு. அங்கத்தவர் அல்லாத பொதுமக்களின் உரிமை அங்கே கேள்வியாக வரவில்லை.

மாதாந்தச் சந்தை அறிக்கையை நீங்கள் இலவசமாக வெளியிடுகிறீர்களே என்று சிலர் கேட்கலாம். அதை நான் மாதம் தவறாமல் வாசிக்கிறேன். அதில் ஈ11 என்ற ஒரே வலயத்துக்குள் மால்வேர்ணும் ரூஜும் சேர்ந்தே வருகின்றன. ஒரு பக்கம் பழைய டவுன்ஹவுஸ் வரிசைகள், மறுபக்கம் பள்ளத்தாக்கை ஒட்டிய பெரிய தனிவீடுகள். இரண்டையும் ஒரு வலயமாக்கி எடுத்த சராசரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு என்ன சொல்ல முடியும்?

விற்ற விலை ஓர் இரகசியமும் அல்ல. உரிமை மாறும்போது அந்தத் தொகை ஒன்ராறியோவின் காணிப் பதிவில் ஏறிவிடுகிறது. கட்டணம் செலுத்தி எவரும் ஒவ்வொரு காணியாகத் தேடிப் பார்க்கலாம். ஒரு தெருவின் பத்து ஆண்டுக் கதையை அறிய வேண்டுமானால் அத்தனை வீடுகளுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். அந்தப் பதிவேட்டை நடத்தும் ரெரானெற் நிறுவனத்துக்கு மாகாண அரசு கொடுத்திருக்கும் உரிமம் 2067 வரை நீள்கிறது. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து விரைவில் மாற்றம் வரும் என்று நான் நம்பவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாண மதிப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் அண்மைய விற்பனை விலைகளை எவரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 ஜனவரி முதல் பதிவான வீட்டு விற்பனைகளை முகவரியோடும் விலையோடும் திகதியோடும் காணிப் பதிவகம் மாதந்தோறும் மொத்தக் கோப்பாக வெளியிடுகிறது. அங்கெல்லாம் முகவர் தொழில் அழிந்துவிடவில்லை.

முகவர்கள் மீது எனக்குப் பகை இல்லை. நம் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தொழிலில்தான் நிமிர்ந்தன. பேஸ்மென்டில் நீர்க்கசிவைக் கண்டுபிடித்து வாங்க வேண்டாம் என்று தடுத்த நல்ல முகவர்களை நான் நேரில் அறிவேன். அவர்களுடைய மதிப்பு விலைப் பட்டியலைப் பூட்டி வைத்திருப்பதில் இல்லை. பட்டியல் முறையை அங்கத்தவர்களின் சந்தாப் பணத்தில் கட்டினோம் என்ற உங்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆகவே தரவை வழங்க ஆகும் செலவுக்கு அளவான கட்டணம் கேட்டால் நான் எதிர்க்கமாட்டேன்.

தனியுரிமையை நானும் பொருட்படுத்துகிறேன். ஒரு வீட்டின் படுக்கையறைப் படங்கள் விற்று முடிந்தபின்னும் இணையத்தில் கிடப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. மணமுறிவினாலோ கடன் நெருக்கடியினாலோ வீட்டை விற்றவர்களுக்கு அது பெரிய வேதனை. ஆதலால் பெயர், உட்புறப் படங்கள், முகவரின் தனிக் குறிப்புகள் எவையும் எங்களுக்கு வேண்டாம். முகவரி, வீட்டின் வகை, படுக்கையறை எண்ணிக்கை, பட்டியலிட்ட திகதி, கேட்ட விலைகள், மீளப் பெற்ற திகதி, விற்ற திகதி, விற்ற விலை ஆகியவை போதும். விற்பனை முடிந்து மூன்று மாதங்கள் கழித்து வெளியிட்டாலும் ஏற்றுக்கொள்வோம். வாங்குபவருக்கு அந்தத் தாமதம் சிறிது இடைஞ்சல்தான், ஆனால் ஒரு தெருவின் போக்கைக் காண அது தடையாகாது. ஒரே வீடு மீண்டும் மீண்டும் பட்டியலிடப்பட்டால் அவற்றை இணைக்கும் ஓர் அடையாள எண் அவசியம். அது இல்லாவிட்டால் மால்வேர்ண் வீட்டின் குளிர்காலக் கதை தரவிலும் மறைந்துவிடும்.

மொத்தத் தரவுக்குச் சபையின் தீர்மானம் காலம் எடுக்கும் என்றால், இடையில் ஒரு சிறு திருத்தத்தையாவது செய்யுங்கள். பதிவுப் படிவத்தில் வாங்குபவர், விற்பவர், வாடகைக்கு எடுப்பவர் என்பவற்றோடு ஆய்வாளர் அல்லது சமூகப் பணியாளர் என்ற நான்காவது தெரிவையும் சேர்த்து, அப்படிப் பதிபவர்கள் எந்தத் தரகு நிறுவனத்துடனும் உறவுக்குள் வரவில்லை என்பதை நிபந்தனையில் எழுதுங்கள்.

இது பற்றி உங்கள் தரவுக் குழுவைச் சந்திக்க விரும்புகிறேன். எந்த வாரநாள் மாலையானாலும், உங்கள் அலுவலகத்துக்கோ ஸ்காபரோவில் நீங்கள் குறிக்கும் இடத்துக்கோ வருவேன். என்னோடு சில குடும்பங்களும் தங்கள் தாள்களுடன் வரத் தயாராக இருக்கின்றன. உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தன்னார்வலர்