கிளட்ச் தீய்கிற நெடி: மகளுக்கு ஒரு கடிதம்

பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து மேலே ஏறும்போது காருக்குள் தீய்ந்த நெடி அடித்தது, ரோட்டுக்கு வந்தும் போகவில்லை, ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தேன், புகை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தாய். நிறுத்திப் பார்த்தாயே, அது சரியான காரியம். பயப்படாதே. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அது கிளட்ச்தான். போனில் சொன்னால் பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது, அதுதான் கிளட்ச் பிளேட். அதன் இரண்டு பக்கமும் லைனிங் வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். ஒரு பக்கம் இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீல், மறுபக்கம் பிரஷர் பிளேட். நீ பெடலிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டால் பிரஷர் பிளேட் அந்தத் தட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் ஒன்றாகச் சுற்றும், உரசல் இல்லை. முழுசாக மிதித்தால் தட்டு விலகிவிடும், அப்போதும் உரசல் இல்லை. சங்கடமெல்லாம் நடுவில்தான். பாதி மிதித்தபடி நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி நிற்பதால் தட்டு சுற்றாமல் நிற்கும், நீ கொடுக்கிற ஆக்ஸிலேட்டர் அத்தனையும் அந்த இடத்தில் சூடாகத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. லைனிங்கில் பிசின் சேர்த்திருப்பார்கள், அது கருகுவதுதான் நீ முகர்ந்த நெடி.

இப்படிப் பாதி மிதிக்கிற ஹாஃப் கிளட்ச்சே கூடாது என்று சொல்லவில்லை. அது இல்லாமல் எந்த மேனுவல் வண்டியும் நகராது. வண்டியைக் கிளப்புகிற அந்த ஒன்றிரண்டு விநாடி அது வேண்டும், அதற்காகத்தான் அந்த லைனிங்கே. அங்கேயே தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உன் அபார்ட்மென்டில் நடப்பது இதுதான். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிற வரைக்கும் நீ சரிவின் நடுவில் நிற்கிறாய், வண்டி பின்னால் உருளாமல் இருக்க கிளட்சையும் ஆக்ஸிலேட்டரையும் வைத்துத் தாங்கிப் பிடிக்கிறாய். அவர் நிதானமாக நடந்து வந்து திறப்பதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிடும். ஒரு நிமிடம் என்பது கிளட்ச்சுக்கு ரொம்ப ரொம்ப அதிகம். வண்டியைப் பிடித்து நிறுத்த பிரேக் இருக்கிறது, கிளட்ச் அந்த வேலைக்குச் செய்தது இல்லை. இனிமேல் கீழே சமதரையிலேயே நின்று ஹாரன் அடி, இல்லையென்றால் வாட்ச்மேனுக்குப் போன் பண்ணு. கேட் திறந்துவிட்டது, மேலிருந்து யாரும் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகு முதல் கியரில் ஒரே மூச்சில் ஏறு. ராத்திரி வந்து பார்க் பண்ணும்போதே ரிவர்ஸில் விட்டுவிடு, அப்போது காலையில் முன்பக்கமாகவே கிளம்பலாம். காலை அவசரத்தில் அந்தத் தூண்களுக்கு நடுவே பின்னால் பார்த்துக்கொண்டு இஞ்சு இஞ்சாக ரிவர்ஸ் எடுப்பதும் ஹாஃப் கிளட்ச்தானே.

சரி, சரிவிலேயே நிற்க வேண்டி வந்துவிட்டது என்று வை. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழு, நியூட்ரல் போடு, இரண்டு காலையும் எடுத்துவிடு. கிளம்பும்போது முதல் கியர் போட்டு கிளட்சை மெதுவாக விடு. ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் அடங்கும், பானெட் லேசாக எழும்பும். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம். அங்கே கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கு, வண்டி முன்னால் நகர ஆரம்பித்ததும் காலை முழுசாக எடு. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் காலியாக இருக்கும்போது அந்தச் சரிவிலேயே சில தரம் செய்து பார், நடுநடுவே கிளட்ச் ஆற விடு. அந்தச் சத்தம் ஒருமுறை காதுக்குப் பிடிபட்டுவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம்.

பட்டறையில் பார்க்கிறதைச் சொல்கிறேன். சேலத்தில் இருப்பதால் ஏற்காடு போய்வந்த வண்டிகள் திங்கட்கிழமைதோறும் ஒன்றாவது வந்துவிடும். 20 கொண்டை ஊசி வளைவு, விடுமுறை நாளில் வளைவுக்கு வளைவு வண்டிகள் வரிசை. நின்று நின்று ஏறுகிறவர்கள் முதல் கியருக்கு மாற்றச் சோம்பல்பட்டு செகண்டிலேயே கிளப்புவார்கள். செகண்டில் இழுவை முதல் கியரில் இருப்பதில் பாதியளவுதான், அதனால் அதிக நேரம் உரசினால்தான் வண்டி நகரும். போன வாரம் அப்படி ஒரு காரில் கியர் பாக்ஸை இறக்கினோம். உள்ளே கறுப்புப் பவுடர் ஒரு கை அளவு கொட்டிக் கிடந்தது. தட்டில் லைனிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே வந்துவிட்டது, அந்த ரிவெட் ஃப்ளைவீலில் வட்டமாகக் கோடு கிழித்திருந்தது, அங்கங்கே சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள் வேறு. மிச்சமிருந்த லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தது, அப்படிப் பளபளத்துவிட்டால் பிறகு பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். (அந்தப் பவுடரைப் பையன்கள் ஏர் அடித்து ஊத நான் விடுவதே இல்லை. அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, நுரையீரலுக்கு ஆகாது. இப்போது வருவதும் மூச்சில் போக வேண்டிய சமாச்சாரம் இல்லை, ஈரத்துணியால்தான் துடைக்கச் சொல்வேன்.)

உன் கிளட்ச் அந்த நிலைக்குப் போயிருக்காது. நெடி வந்தால் ஓரமாக நிறுத்தி கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆற விடு, அவ்வளவு போதும். ஒரு தடவை நெடி அடித்ததற்காக யாராவது உடனே கிளட்ச் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. முதலில் இதைப் பார். காலியான நேரான ரோட்டில் நாலாவது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்து. சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் நல்லது. சத்தம் மட்டும் விர்ரென்று ஏறி வண்டி பின்தங்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அப்போது தள்ளிப்போடாதே. அப்புறம், உன் ஆல்டோவில் கிளட்ச் கேபிளில் வேலை செய்கிறது. பெடலைக் கையால் அழுத்திப் பார், மேலே கொஞ்ச தூரம் லூசாக இறங்கி அப்புறம்தான் இறுக வேண்டும். அந்த லூஸ் இல்லாவிட்டால் நீ மிதிக்காதபோதும் கிளட்ச் பாதி மிதித்த மாதிரியே இருக்கும், நல்ல பிளேட்டும் தீய்ந்துவிடும். கேபிளைச் சரிபண்ணினால் போதும், ஐந்து நிமிட வேலை.

ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேல் வைத்துக்கொண்டே போகாதே. கியர் மாற்றியதும் காலைத் தரையில் வை. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் போடு. முழுசாக மிதித்துக்கொண்டு நின்றால் பிளேட் தேயாது என்பது உண்மைதான், ஆனால் மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் அந்த நேரமெல்லாம் பாரத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும், அது கத்த ஆரம்பித்தால் அதற்கும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும்.

இதெல்லாம் உனக்கு ஓரளவு தெரிந்திருக்கும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் வண்டி ஆஃப் ஆகிவிடுமோ, பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பானோ என்று பயமாக இருக்கிறது என்று முன்பொரு நாள் சொன்னாய். அந்தப் பயம்தான் உன் கிளட்சைத் தீய்க்கிறது. ஆஃப் ஆகக் கூடாது என்பதற்காக ஆக்ஸிலேட்டரை அதிகமாகக் கொடுக்கிறாய், கிளட்சிலிருந்து காலை எடுக்கத் தயங்குகிறாய். புதிதாக ஓட்டுகிற முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் நடக்கிறது, அவர்களிடம் யாரும் சொல்வதில்லை, பெண்ணாக இருந்தால் ‘ஓட்டத் தெரியவில்லை’ என்று ஒரு பேச்சு வேறு. எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும் கண்ணு. பிரேக்கை மிதி, நியூட்ரல் போடு, ஸ்டார்ட் பண்ணு, கிளம்பு. பின்னால் இருப்பவன் பத்து விநாடி காத்திருப்பதால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முன்வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நீயும் ஒரு அடி நகராதே. ஒரு கார் நீளத்துக்கு இடம் விழட்டும், அப்புறம் முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டு ஐடிலிங்கிலேயே ஊர்ந்து போ, ஆல்டோ சமதரையில் நடக்கிற வேகத்தில் தானாகப் போகும். அந்த இடைவெளியில் யாராவது ஆட்டோவை நுழைத்தால் நுழைத்துவிட்டுப் போகட்டும்.

எல்லா நெடியும் கிளட்ச் இல்லை, அதையும் தெரிந்துகொள். மேட்டில் ஏறிய பிறகோ ரிவர்ஸ் எடுத்த பிறகோ வந்தால் கிளட்ச். சமதரையில் வந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பார், பாதி இழுத்தபடியே ஓட்டியிருப்பாய், பின்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும், தொட்டுவிடாதே. எண்ணெய் கருகுகிற வாசம் என்றால் ஆயில் கசிந்து சைலன்சர் குழாயில் சொட்டுகிறது என்று அர்த்தம், நின்ற இடத்தில் கீழே கறை இருக்கிறதா பார். பிளாஸ்டிக், வயர் உருகுகிற நெடி வந்தால் ஆராய்ச்சியே வேண்டாம், வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு இறங்கித் தள்ளிப் போய் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணு.

கிளட்ச் மாற்றத்தான் வேண்டும் என்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே போடச் சொல். கூலி பெரும்பாலும் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான், ஒன்றை மட்டும் போட்டு மிச்சம் பிடித்தால் இன்னொன்றுக்காகத் திரும்ப இறக்க வேண்டியிருக்கும். ஃப்ளைவீலையும் பார்க்கச் சொல், ஆயில் சீல் கசிகிறதா என்றும் கேள். சீல் கசிந்தால் புது பிளேட்டிலும் ஆயில் பட்டு அதுவும் வழுக்கும். பழைய சாமானை உன் கையில் வாங்கு, போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரைக்கும் பணம் கட்டாதே.

தீபாவளிக்குக் காரிலேயே வருகிறேன் என்றாய், தாராளமாக வா. தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் நமக்கு இந்தப் பக்கம் வரும்போது இறக்கம். டீசல் மிச்சம் என்று லாரிக்காரர்கள் நியூட்ரலில் விடுவார்கள், அங்கே நடக்கிற விபத்துகளுக்கு அது ஒரு முக்கியக் காரணம். நீ மூன்றாவது கியருக்கு முன்கூட்டியே இறங்கிவிடு, கிளட்சில் கால் வைக்காமல் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டு மிதி, லாரிகளுக்கு முன்னால் போய் மாட்டிக்கொள்ளாதே. பகலில் கிளம்பு. ஞாயிற்றுக்கிழமை அந்த நாலாவது கியர் சோதனையைச் செய்துவிட்டு என்ன ஆயிற்று என்று சொல், கிளட்ச் கொஞ்சம் சந்தேகமாகப் பட்டாலும் பஸ்ஸில் வந்துவிடு, நான் டூல்ஸோடு உன்கூடவே பெங்களூர் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா