செம்பூர் காலனித் தமிழ்ச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் போகும் என்பதால் அவர்களுக்கும் வணக்கம்.

சித்திரை விழா நடந்தது, பாயசம் போதவில்லை. கொலுப் போட்டியில் மூன்று வீடுகள் கலந்துகொண்டன, மூன்றுக்கும் பரிசு. பொங்கலன்று பால் பொங்குவதற்குள் சிலிண்டர் தீர்ந்து, எதிர் வீட்டு மாமியின் உபயத்தில் பொங்கியது. ஞாயிறு தமிழ் வகுப்பு, டீச்சர் ஊருக்குப் போன மாதங்கள் நீங்கலாக, தொடர்ந்து நடந்தது. செயற்குழு ஆறு முறை கூடியது. நானும் பொருளாளரும் மட்டும் உட்கார்ந்து டீ குடித்த இரண்டு முறையும் இதில் சேர்த்தி.

இனி சுவர் விஷயம். "செயலாளர் சங்கப் பணத்தை உடைந்த டைல்ஸில் கொட்டுகிறார்" என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குழந்தைகள் விளையாடும் மைதானத்தின் மேற்குச் சுவர் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வெற்றிலைச் சாறு, டியூஷன் போஸ்டர், அடியில் ஈரம். சாமி பட டைல்ஸ் நாலு ஒட்டினால் போதும் என்றார் ஓர் உறுப்பினர். மும்பையில் எல்லா மதத்துச் சாமியையும் வரிசையாக ஒட்டிய சுவர்களை நானும் பார்த்திருக்கிறேன். படத்துக்குப் படம் இடைவெளி பார்த்துத் துப்புகிறார்கள். அதனால்தான் சுவரை முழுவதுமாக மொசைக் ஆக்கிவிடுவோம் என்றேன். தானே கழிமுகத்துக்கு வருஷா வருஷம் வரும் பூநாரைகள், அதாவது ஃப்ளமிங்கோக்கள்தான் படம். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். ஆனாலும் நம்மில் பாதிப் பேர் போய்ப் பார்த்ததில்லை.

டைல்ஸுக்குச் செலவு ஒரு பைசா கிடையாது, இதை அழுத்திச் சொல்கிறேன். பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்டில் காலியான கட்டடங்களின் பாத்ரூம், சமையலறைகளிலிருந்து பெயர்த்து எடுத்தவை. எண்பதுகளில் எல்லோரும் ஒட்டிய அதே ரோஸ், அதே கடல் நீலம், பிஸ்தா பச்சை. மிஸ்திரி உளி வைத்துத் தட்டினால் பாதி உடையும். உடையட்டும், நமக்கு வேண்டியதும் அதுதான். மொட்டை மாடியில் வெயிலுக்கு உடைந்த டைல்ஸைச் சைனா மொசைக்காகப் பதித்துப் பழகிய கை அவருக்கு. கோணியில் போட்டுச் சுத்தியால் தட்டுவது, குறட்டால் ஓரம் நறுக்குவது, குழந்தைகள் கை படும் உயரம் வரை ஒவ்வொரு துண்டையும் சாணைக்கல்லில் தேய்த்து முனை மழுக்குவது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவை. கடைசி வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரோஸ் டைல்ஸ் நடுவில் தீர்ந்துபோனது. வெள்ளையும் சாம்பலுமாக இரண்டு பறவை செய்துவிட்டு நான் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சரிதான் அங்கிள், பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம்தான். சாப்பிடுற பாசியிலதான் அப்புறம் ரோஸ் வரும்" என்றாள். செயற்குழுவில் அவளைச் சேர்க்க விதியில் இடமில்லை.

முதல் இரண்டு பகுதிகள் ஏப்ரலில் பிசகில்லாமல் முடிந்தன. மூன்றாவதை மே 23, வெள்ளியன்று பதித்தோம். இரண்டு நாள் காய விட்டு ஞாயிறன்று இடுக்குகளில் கிரவுட் அடைப்பது என்று ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் 19 கட்டைவிரல்கள் உயர்ந்தன. வந்தது மூன்று பேர். அதில் தலைவருக்கு இடுப்புப் பிடிப்பு. கால்வாசிகூட அடைக்க முடியவில்லை. வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வரும் பருவமழை அந்த வருஷம் மே 26-ந் தேதியே மும்பையில் இறங்கியது. துண்டுகளை முதலில் ஒரு வலையில் ஒட்டி, வலையோடு சுவரில் பதிப்பதுதான் அப்போதைய முறை; ஒட்ட நாங்கள் பயன்படுத்தியது சாதாரண வெள்ளைப் பசை. திறந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போனதும் அது பாலாய்க் கரைந்தது. காலையில் பார்த்தால் பறவை மண்ணில் கிடந்தது. பசை தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்பதை அவரவரே யோசித்துக்கொள்ளலாம்.

மழை ஓய்ந்து நவம்பரில் மறுபடி ஆரம்பித்தோம், இம்முறை வேறு முறையில். துண்டுகளை முகம் கீழாகப் பழுப்புத் தாளில் மைதாப் பசையால் ஒட்டி, தாளோடு சுவர்க் கலவையில் பதித்து, இறுகியபின் தாளை நனைத்து உரிப்பது. பின்பக்கம் பசையே இல்லை. சிமென்ட் நேராக டைல்ஸைப் பிடிக்கும். ஒரே ஒரு சங்கதி, இந்த முறையில் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். அது தாளை உரித்த பிறகே நினைவுக்கு வந்தது. மற்றப் பறவைகள் எல்லாம் கழிமுகத்தைப் பார்க்க, இந்த ஒன்று மட்டும் காலி செய்த கட்டடங்களைத் திரும்பிப் பார்த்து நிற்கிறது. பார்த்தவர்கள் "என்ன ஒரு கற்பனை சார்" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

சண்டிகரில் நேக் சந்த் 1957 முதல் உடைந்த டைல்ஸையும் வளையலையும் வைத்து ரகசியமாகக் கட்டிய பாறைத் தோட்டத்தைத்தான் (ராக் கார்டன்) 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்கும் முதலில் அனுமதி இல்லை. நம் சுவருக்கான அனுமதிக்கு நான் நடந்த நடையைப் பற்றி எழுதப் போவதில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டன. கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரிடம். கலவை, கிரவுட், மிஸ்திரி கூலி மூன்றும்தான் பெரிய செலவு. இரண்டாம் முறை வாங்கிய கலவைக்கு யார் கையிலிருந்து பணம் போனது என்று சொல்லிக்காட்ட விரும்பவில்லை; ரசீதில் பெயர் இருக்கிறது. சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். தானே, டோம்பிவிலி, நவி மும்பை என்று வாடகைக்குப் போன 14 குடும்பங்கள் இரண்டு வருஷமாகத் தரவில்லை. அந்தப் பதினாலில் ஒன்பது வீட்டு டைல்ஸ் சுவரில் இருக்கிறது. யாருடையது எது என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நடுப்பறவையின் கழுத்து, இரண்டு வருஷமாகப் போனை எடுக்காத ஒரு முன்னாள் துணைச் செயலாளர் வீட்டுச் சமையலறை.

மிஸ்திரிக்கும், டீ அனுப்பிய வீடுகளுக்கும், கண்ணாடி மாட்டிக்கொள்ளச் சொன்னால் மாட்டிக்கொண்ட குழந்தைகளுக்கும், வழக்கம்போல் தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. வடக்கு மூலையில் பத்தடி இன்னும் வெறும் பூச்சுதான். அங்கே தண்ணீர் வர வேண்டும், நீலம் நிறைய வேண்டும். பி விங் தீபாவளிக்குள் காலியாகும் என்கிறார்கள். போகிறவர்கள் சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னால் மிஸ்திரியோடு வந்துவிடுவேன். அப்போது பழைய சந்தாவும் கண்ணில் பட்டால் ரசீது புத்தகம் பையிலேயே இருக்கும்.

இந்தப் பதவியில் எனக்கு ஏழாவது வருஷம். முட்டி மடங்குவதில்லை. யாராவது பொறுப்பேற்க வந்தால் குறடு, கண்ணாடி, நோட்டு மூன்றையும் இன்றே கொடுத்துவிடுகிறேன். அதுவரை ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுவரடியில் இருப்பேன். இம்முறை கட்டைவிரல் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்