வகுப்பறை நேரலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வகுப்பறைகளில் கேமரா பொருத்திப் பெற்றோர் கைப்பேசியில் நேரலையாகக் காட்டும் யோசனை பற்றிய செய்தியைத் தங்கள் இதழில் படித்தேன். பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்த பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால் நேரலை அதைத் தீர்க்காது. ஒரு கேமராவின் தெளிவான படத்துக்குச் சுமார் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) இணைய வேகம் வேண்டும். கேமராப் படத்தைச் சேமிக்கும் பதிவுக் கருவியிலிருந்து நேரடியாக 30 பெற்றோர் ஒரே நேரத்தில் பார்த்தால், ஒரு வகுப்புக்கே 60 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகம் தேவை; இல்லையேல் படம் உறைந்து நிற்கும். கூரையில் பொருத்தும் மைக்கில் மின்விசிறி இரைச்சலே மேலோங்கும். ஆசிரியர் அதட்டினாரா, பாடத்தை அழுத்திச் சொன்னாரா என்று அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். கடவுச்சொல் ஒருமுறை கைமாறினால் போதும், யார் வீட்டுப் பிள்ளையோ கணக்குப் போடத் திணறுவது ஊரார் வாட்ஸ்அப்பில் சுற்றும். நம் தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் (34, 35ஆம் பிரிவுகள்) சிறார் தகவலைக் கையாள்வதைப் பொதுவாகத் தடுக்கிறது. பெற்றோர் அல்லது காப்பாளரின் முன் ஒப்புதல் முக்கிய விதிவிலக்கு. வகுப்பில் ஒரு பெற்றோர் மறுத்தாலே சிக்கல்தான்.

வாசல், தாழ்வாரம், படிக்கட்டு ஆகிய இடங்களில் கேமரா வைக்கலாம். பதிவுக் கருவியைப் பூட்டிய அறையில், மின்வெட்டைத் தாங்கும் யூபிஎஸ்ஸுடன் வைத்து, 30 நாளில் பதிவு தானே அழியும்படி அமைக்க வேண்டும். புகார் எழுந்தால் முதல்வரும் பள்ளி ஆட்சிக் குழுவின் பெற்றோர் உறுப்பினரும் சேர்ந்தே திறந்து பார்த்து, பதிவேட்டில் கையொப்பமிடட்டும்.

– ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்