டன்பாரை மொழிபெயர்க்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

பழைய ஸ்காட்லாந்துக் கவிஞர் டன்பார், மாண்ட கவிஞர்களுக்காகப் பாடிய புலம்பலின் உன் மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது. இரண்டு ஞாயிறாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எடின்பரோவில் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். காதை மூடிக்கொண்டு போ.

‘மேக்கர்’ என்பதற்குக் கவிஞன் என்று போடாமல் ‘செய்யுள் செய்வோன்’ என்று போட்டிருக்கிறாயே, அங்கே எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஸ்காட்டிஷ் சொல்லுக்கும் செய்கிறவன் என்றுதான் பொருள்.

ஆனால் கடைசி அடியில் நீ கை வைத்திருக்கக் கூடாது. 25 செய்யுளிலும் ‘டிமோர் மோர்ட்டிஸ் கான்டர்பாட் மே’ என்று அதே லத்தீன் அடிதான் வருகிறது. மரண பயம் என்னைக் கலக்குகிறது. இறந்தோருக்கான திருச்சபை வழிபாட்டில் சொல்வது, ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸின் அவைக்குக் காதில் பழகிய வரி. அலுத்துவிடும் என்று ஓரிடத்தில் ‘அஞ்சுகிறேன்’, ஓரிடத்தில் ‘நடுங்குகிறேன்’ என்று மாற்றியிருக்கிறாய். வேண்டாம். அது மாறாமல் வருவதால்தான் அரசர், குருமார், தாய்மார்பில் பால் குடிக்கும் சிசு, வைத்தியர் எல்லாரும் ஒரே அடியில் போய் விழுகிறார்கள்.

இயைபையும் கவனி. முதலிரண்டு அடியும் தமக்குள் இயைகின்றன. மூன்றாவது, லத்தீன் அடியின் ‘மே’யோடு இயைகிறது. நீ மூன்றாம் அடியை முதலிரண்டோடு சேர்த்துவிட்டாய். அதனால் கடைசி அடி ஒட்டாமல் தனியே தொங்குகிறது.

மாண்ட கவிஞர்களின் பெயர்களில் அவசரப்பட்டிருக்கிறாய். ரவுல் ஒருவரில்லை, இருவர்: அபர்டீன் ரவுல், கார்ஸ்டார்பின் ரவுல். ஊரைப் பெயரோடு சேர்த்துச் சொல்வது நமக்குப் புதிதா? டன்ஃபெர்ம்லினில் ஹென்றிசனைச் சாவு ‘தூக்கிச் சென்றது’ என்கிறாய். மூலத்தில் ‘ரூன்’. காதோடு காதாகப் பேசுவது. சாவு அவரிடம் ரகசியம் பேசி முடித்துவிட்டது என்கிறார் டன்பார். அதை விட்டுவிடாதே.

முதல் செய்யுளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நலமும் மகிழ்ச்சியுமாய் இருந்தவன் பெருநோயில் கலங்கித் தளர்ந்தேன் என்று மூன்றே அடியில் முடித்துவிடுகிறார். நீ ஏழு அடி எழுதியிருக்கிறாய். படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வது, பாதியில் உட்கார்ந்துவிடுவது. இதெல்லாம் டன்பாரில் இல்லை, பாப்பா. மொழிபெயர்ப்பில் கூட்டல் கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

23-ஆம் செய்யுளை அடியோடு விட்டிருக்கிறாய். டன்பார் சொல்லும் 24 கவிஞர்களில் 23 பேர் போய்விட்டார்கள். வால்டர் கென்னடி மட்டும் சாகும் தறுவாயில் கிடக்கிறார். வசைப்பாட்டில் டன்பாரோடு மல்லுக்கு நின்றவர். அவரைப் பற்றி, அவர் உயிரோடிருக்கும்போதே, இப்படி ஆவது பெரும் பரிதாபம் என்று எழுதிவிடுகிறார். மொத்தப் பாட்டிலும் எனக்கு அந்த இடம்தான் பெரிது.

அப்பா விஷயத்தில் நான் செய்தது தப்பு. உன் பரீட்சை முடியட்டும் என்று பத்து நாள் மறைத்தேன். அவர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அந்த வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

கென்னடியை எழுதி அனுப்பு. முதல் செய்யுளை இப்போதைக்குத் திருத்தாதே. அந்த ஏழு அடியையும் ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு வாசித்துக் காட்டு. காதை மூடிக்கொண்டு போ.

அம்மா