கோழித் தீவனம் பூஞ்சணம் பிடிக்காமல் காக்க ஈரப்பத மானியும் உலர்ந்த கிடங்கு இடமும் கோரி மனு

அனுப்புநர்
நாட்டுக்கோழி வளர்ப்போர் மற்றும் மகளிர் சுய உதவிக் குழுவினர்,
வேப்பந்தட்டை வட்டாரம்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: கோழித் தீவன மூலப்பொருள்களின் ஈரப்பதம் அறிதல், மழைக்கால இருப்பு, நச்சுப் பரிசோதனை ஆகியவற்றுக்கு வசதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் 50 முதல் 250 நாட்டுக்கோழிகள் வரை வளர்க்கும் குடும்பங்கள் சேர்ந்து இம்மனுவை அளிக்கிறோம். கோழி வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனத்துக்கே போகிறது. அதை வாங்கவும் அரைத்துக் கலக்கவும் எங்களால் முடிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடாமல் வைத்துக்கொள்ளத்தான் இடமும் இல்லை, கருவியும் இல்லை.

தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம் (இம்மனுவில் சோளம் என்பது இதுவே). நம் மாவட்டத்தில் மானாவாரிச் சோளம் புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் அறுவடைக்கு வருகிறது. களத்திலும் சாலையோரத்திலும் காயப்போடும் சோளம் பகலில் காய்ந்து, இரவுப் பனியில் மறுபடியும் ஈரம் வாங்குகிறது. கையில் அள்ளினால் காய்ந்ததாகவே தெரியும். உள்ளே 14, 15 சதவீதம் ஈரம் நிற்கும். மாதக்கணக்கில் மூட்டையில் வைக்க 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்போது எங்களிடம் இருப்பது உப்புச் சோதனை ஒன்றுதான். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி தூளுப்பும், பாட்டிலின் மூன்றில் ஒரு பங்கு அளவு சோளமும் போட்டு நன்றாகக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்தால், உப்பு பாட்டில் சுவரில் ஒட்டுவது 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்பதைக் காட்டும். ஒட்டாவிட்டால் அது 12-ஆ 14-ஆ என்பதைச் சொல்லாது. மூட்டைகள் கெடுவது அந்த இடைவெளியில்தான். ஈரப்பத மானி இதை ஓரிரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

ஈரம் மிஞ்சிய சோளத்தில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. இந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சணத்தை உதறிவிட்டு வெயிலில் காயவைத்தாலும் அது போகாது. வேகவைத்தாலும் பெரும்பகுதி தங்கிவிடும். கோழித் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடலைப் புண்ணாக்கிலும் இந்த நஞ்சு ஏறும் என்பதால், அதைச் சேர்த்தால் இன்னும் கவனம் வேண்டும். நஞ்சு ஏறிய தீவனம் தின்ற கோழிக்கு ஈரல் வீங்கி மஞ்சளாக வெளிறும், முட்டை குறையும், நோய் எதிர்ப்புச் சக்தி சரியும். கால்நடை பராமரிப்புத் துறை முகாம் நடத்தி இலவசமாகப் போடும் கோழிக்கழிச்சல் தடுப்பூசியும் அந்தக் கோழியிடம் முழுப் பலன் தராது. நஞ்சைப் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டர் என்ற பொருளைத் தீவனத்தில் கலப்பது ஓரளவுக்கே உதவும். கெட்ட சோளத்தை அது நல்ல சோளமாக்கிவிடாது.

சோளம் நன்றாகக் காய்ந்திருந்தாலும் வைக்கும் இடம் கெடுத்துவிடுகிறது. சிமெண்டுத் தரை மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அடிமூட்டைக்கு ஏற்றுகிறது. தகரக் கூரை பகலில் காய்ந்து இரவில் வியர்த்து மேல்மூட்டையில் சொட்டுகிறது. மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நாலாபுறமும் இறுக்கி மூடினால் உள்ளேயே புழுக்கம் ஏறி, பத்து நாளில் மூட்டை நடுவில் கட்டி பிடிக்கிறது. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மரச்சட்டம், சுவரிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி, எதிரெதிரே காற்று போக வழி, எலி புகாத கம்பிவலை ஆகியவை இருந்தால் போதும். ஒற்றை அறை வீட்டில் இதற்கு வழியில்லை.

அரைத்த தீவனம் இன்னும் சீக்கிரம் கெடும். உடைந்த சோளத்தின் கொழுப்பு காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்; எண்ணெய் நீக்காத பச்சைத் தவிடு சில நாளிலேயே அப்படியாகும். ஏ, ஈ வைட்டமின்களும் வெக்கையில் வீரியம் இழக்கும். எனவே சோளத்தை முழுதாக வைத்து, 15 நாள் தேவைக்கு மட்டும் அரைப்பதே சரி. அரைத்த சூடு ஆறிய பிறகே மூட்டை கட்ட வேண்டும். வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 90 கிராம் என்றால் 250 கோழிகளுக்கு 22.5 கிலோ, 15 நாளுக்கு 50 கிலோ மூட்டை ஏழு. ஏழு மூட்டைக்கு வீட்டில் இடம் உண்டு. வருடச் சோளத்துக்குத்தான் இல்லை.

ஆகவே பின்வருவனவற்றைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில், அறுவடை முதல் மார்கழி வரை எங்கள் குழுக்களுக்குச் சிறு பகுதியொன்றைக் குறைந்த வாடகையில், மரச்சட்டத்துடன் ஒதுக்க வேண்டும். இதுவே எங்கள் முதல் கோரிக்கை. இருப்புப் பதிவேடு எழுதுவதையும், முதலில் வந்த மூட்டையை முதலில் எடுப்பதையும் குழுக்களே பார்த்துக்கொள்ளும். அங்கேயும், கால்நடை மருந்தகம் ஒன்றிலும் ஈரப்பத மானி வைத்து, யார் சோளம் கொண்டுவந்தாலும் இலவசமாக அளந்து தர வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உள்ளது. ஒரு கிலோ மாதிரிக்காக ஒவ்வொருவரும் அங்கே போய்வருவது கட்டாது. நஞ்சு ஒரு மூட்டையில் இருந்து அடுத்ததில் இல்லாமலும் இருக்கும் என்பதால், பல மூட்டைகளில் குத்தூசியால் எடுத்துக் கலந்த மாதிரிகளை மருந்தகம் வழியாக மாதம் ஒருமுறை சேர்த்தனுப்பவும், குழு மாதிரிகளுக்குக் கட்டணச் சலுகை பெறவும் ஆவன செய்ய வேண்டும்.

50 சதவீத மானியத்தில் 250 கோழிப் பண்ணை அமைக்கும் திட்டத்தில் நான்கு மாதத் தீவனத்துக்கும் மானியம் உண்டு. அந்தத் தீவனத்தைத் தயாரிப்புத் தேதி அச்சிட்ட மூட்டைகளாக, 15 நாளுக்கு ஒருமுறை பிரித்து வழங்க வேண்டும். தீவனத் தட்டு, தண்ணீர்க் குவளையுடன் மூடியுள்ள 200 லிட்டர் டிரம் ஒன்றையும் உபகரணப் பட்டியலில் சேர்த்தால் நன்று. ஒரு டிரம்மில் இரண்டு மூட்டை அடங்கும், எலியும் வண்டும் அண்டாது.

மழை தொடங்குமுன் கிடங்கு இடமும் ஈரப்பத மானியும் கிடைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாட்டுக்கோழி வளர்ப்போர் மற்றும் மகளிர் சுய உதவிக் குழுவினர்

இடம்: வேப்பந்தட்டை

நகல்: மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, பெரம்பலூர்.