மூத்த நட்சத்திரம் வரட்டும், டிராஃப்ட் வாய்ப்பைக் கொடுத்து வேண்டாம்

ஆசிரியருக்கு,

முப்பது வயதைக் கடந்த நட்சத்திர ரிசீவர்களை (வீசப்படும் பந்தைப் பிடித்து ஓடுபவர்கள்) அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் துணிந்து வாங்கலாம் என்ற உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஜெர்ரி ரைஸ் 40 வயதை எட்டிய 2002 சீசனில் ரெய்டர்ஸ் அணிக்காகப் பந்தைப் பிடித்து 1,211 கெஜம் முன்னேறினார். சரி, ஆனால் எல்லோரும் ரைஸ் ஆகிவிட முடியாது. பந்தைப் பிடிக்கும் கை அப்படியேதான் இருக்கும்; முதலில் மக்கர் செய்வது தொடைத் தசை. 2021இல், முப்பதைக் கடந்திருந்த ரிசீவர் ஹூலியோ ஜோன்ஸுக்காக டென்னசி டைட்டன்ஸ் அணி இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையே, அதாவது கல்லூரியிலிருந்து வரும் புது வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே, விட்டுக்கொடுத்தது. கிடைத்தது வழக்கமான சீசனில் 10 ஆட்டங்கள், 434 கெஜம், ஒரே ஒரு டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி பெறுவது). அவரைப் பார்க்கவென்றே மகனை அழைத்துக்கொண்டு அரங்குக்குப் போனேன். அன்றும் காயம், ஆடவில்லை. அவருடைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்திருந்த பையனின் முகம் வாடிப்போனது. அடுத்த மார்ச்சில் அணியே அவரை விடுவித்துவிட்டது.

இத்தகைய வீரர்களை ஓராண்டு ஒப்பந்தத்தில், டிராஃப்ட் வாய்ப்பு எதையும் இழக்காமல் எடுக்கட்டும். உறுதியளிக்கும் தொகையைக் குறைத்து, களமிறங்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாகப் பணம் தரட்டும். இளம் ரிசீவர் ஒருவரையும் அதே ஆண்டு டிராஃப்டில் எடுத்து, அந்த மூத்த வீரருக்குப் பக்கத்திலேயே பழக்க வேண்டும்.

– வாசகர் ஒருவர், நாஷ்வில்